மெயினை இறக்கும் முன் கம்ப்யூட்டரை நிறுத்துவது எப்படி?

பல்லடம் பக்கம் ஒரு விசைத்தறிக் கூடத்தில் கணக்கு எழுதுகிறேன். சாயங்காலம் தறியை நிறுத்துகிறவர் அதே கையோடு ஆபீஸ் மெயினையும் இறக்கிவிட்டுப் போவார். தறியில் நூல் அறுந்தால் முடிச்சுப் போட்டு ஓட்டிக்கொள்ளலாம். கம்ப்யூட்டரில் அது நடக்காது.

நாம் சேவ் கொடுத்ததும் எல்லாம் டிஸ்க்கில் ஏறிவிடுவதில்லை. விண்டோஸ் அதைக் கொஞ்ச நேரம் ராம் என்ற தற்காலிக நினைவகத்தில் வைத்திருந்துதான் எழுதும். அந்த நொடியில் கரண்ட் போனால் ராமில் இருந்தது போச்சு. எனக்கு ஒரு வெள்ளிக்கிழமை வாரக் கூலிப் பட்டியல் அப்படித்தான் போனது. ஃபைல் இருந்தது, அளவும் சரியாகக் காட்டியது. நோட்பேடில் திறந்தால் ஓர் எழுத்து இல்லை. விண்டோஸ் டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கும் என்டிஎஃப்எஸ் முறை, எந்த ஃபைல் எங்கே என்ற பட்டியலைத்தான் காப்பாற்றும். உள்ளே இருக்கும் கணக்குக்கு அது பொறுப்பில்லை. நோட்டைப் பார்த்து மறுபடி அடித்து முடிக்க ராத்திரி பதினொன்று ஆயிற்று.

சரி, முறைக்கு வருவோம்.

முதலில் கன்ட்ரோல், எஸ் இரண்டையும் சேர்த்து அழுத்திச் சேவ் செய்யுங்கள். புரோகிராம்களை மூடுங்கள். ஸ்டார்ட், பவர், ஷட் டவுன். திரை கறுத்ததும் ஸ்விட்சைத் தட்டிவிடாதீர்கள். சிபியு பெட்டியின் விளக்கு அணைந்து, விசிறிச் சத்தமும் நிற்கட்டும். அப்டேட் ஓடினால் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

அடுத்து, திரை அப்படியே நின்றுவிட்டால். கேப்ஸ் லாக்கைத் தட்டிப் பாருங்கள். விளக்கு மாறினால் இன்னும் உயிர் இருக்கிறது, பொறுங்கள். கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் நின்றுபோன புரோகிராமை மட்டும் முடித்துவிடலாம். மவுஸ் வேலை செய்யாவிட்டால் விண்டோஸ் பட்டனுடன் எக்ஸ், அப்புறம் யு இரண்டு தடவை தட்டினால் ஷட் டவுன் ஆகும். எதற்குமே அசையவில்லை என்றால்தான் பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடிப்பது. அதுவும் கரண்டைப் பிடுங்குவது மாதிரிதான்.

பராமரிப்பு மின்தடை என்றால் முன்கூட்டியே பேப்பரில் வந்துவிடும். சொல்லாமல் போகும் கரண்டுக்குத்தான் யுபிஎஸ் என்ற பேட்டரிப் பெட்டி. அது தரும் சில நிமிடங்கள் சேவ் செய்து நிறுத்த மட்டும். பில் போட அல்ல. லேசர் பிரிண்டரை அதில் மாட்டாதீர்கள், தாங்காது.

ஏற்கெனவே பட்டென்று நின்றுவிட்டதா? கரண்ட் வந்த உடனே போடாமல் சில நிமிடம் விடுங்கள். பிறகு திஸ் பிசியில் சி டிரைவின் மேல் ரைட் கிளிக், ப்ராபர்ட்டீஸ், டூல்ஸ், செக். டேலி என்ற கணக்கு புரோகிராமில் கணக்கு இடித்தால், முதலில் டேட்டா ஃபோல்டரை பென்டிரைவில் காப்பி எடுத்துவிட்டுத்தான் ரிப்பேரில் கை வைக்க வேண்டும்.

ஆபீஸ் மெயினில் இப்போது ஒரு சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன். தறிக்காரர் வாசலில் நின்று, "ஏனுங்க, அமத்தீரலாமுங்களா?" என்று கேட்ட பிறகுதான் கையை வைக்கிறார்.