நாள் முழுக்க ஓட்டினாலும் உடம்பு நோகாத பைக்: தேர்வு, பராமரிப்பு, துணைப்பொருட்கள்

சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரையிலான ஏறத்தாழ 700 கிலோமீட்டரை பைக்கில் கடந்தவர்களிடம் வண்டி எப்படி இருந்தது என்று கேட்டால், பெரும்பாலும் எஞ்சினைப் பற்றிப் பேச மாட்டார்கள். இடுப்பு பிடித்துக்கொண்டதையும், வலது உள்ளங்கை மரத்துப்போனதையும், விழுப்புரம் தாண்டியதிலிருந்து காதுக்குள் காற்று இரைந்துகொண்டே வந்ததையும்தான் சொல்வார்கள். நம் உடம்பு வண்டியைத் தொடுமிடங்கள் சீட், ஹேண்டில்பார், கால்மிதி என்று மூன்றே. இவை ஒன்றுக்கொன்று எந்தத் தூரத்தில், எந்த உயரத்தில் அமைந்திருக்கின்றன என்பதைப் பொறுத்தே நெடும்பயணத்தின் சுகமும் துன்பமும் அமைகின்றன. வண்டி வாங்குவது, பராமரிப்பது, துணைப்பொருள் மாட்டுவது ஆகிய மூன்றையும் இந்தக் கணக்கை முன்வைத்தே செய்ய வேண்டும் என்பது பல ஆண்டுகள் ஓட்டிய பிறகு எனக்கு உறுதிப்பட்ட கருத்து.

வாங்கும் முன்

சீட் உயரத்தை முதலில் பாருங்கள். ராயல் என்ஃபீல்டு மீட்டியர் 350-இல் அது 765 மி.மீ., பழைய ஹிமாலயன் 411-இல் 800 மி.மீ., புதிய ஹிமாலயன் 450-இல் 825 மி.மீ., சுசுகி வி-ஸ்ட்ரோம் எஸ்எக்ஸில் 835 மி.மீ. என்று இருக்கிறது. ஆனால் இந்த எண்ணை உங்கள் மொத்த உயரத்தோடு ஒப்பிடுவதில் பயனில்லை. இடுப்புக்குக் கீழே கால் எவ்வளவு நீளம், சீட்டின் முன்பகுதி எவ்வளவு அகலம் என்ற இரண்டும் சேர்ந்துதான் பாதம் தரையைத் தொடுமா என்பதை முடிவு செய்யும். இரண்டு பாதங்களின் முன்பகுதியும் ஒரே சமயத்தில் உறுதியாகத் தரையில் ஊன்றினால் போதுமானது, குதிகால் படிய வேண்டும் என்ற கட்டாயமில்லை.

மீட்டியர் போன்ற குரூஸர் வண்டிகளில் கால் முன்னே நீட்டியபடி இருக்கும். சமதளமான நால்வழிச் சாலையில் இது மிகவும் சுகமானதுதான். ஆனால் பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது உடம்பின் பாரம் முழுவதும் வால் எலும்பில் இருப்பதால் அடி நேராக முதுகுத்தண்டில் ஏறுகிறது; காலை ஊன்றி லேசாக எழுந்து அந்த அடியை வாங்கிக்கொள்ளவும் முடிவதில்லை. ஹிமாலயன், வி-ஸ்ட்ரோம் போன்ற அட்வென்ச்சர் வகைகளில் கால்மிதி இடுப்புக்கு ஏறக்குறைய நேர் கீழே இருக்கிறது, வேண்டியபோது எழுந்து நிற்கலாம். ஊருக்கு ஊர் வேகத்தடைகளும், மழைக்குப் பிறகு திடீர்ப் பள்ளங்களும் உள்ள நம் சாலைகளில் நான் இரண்டாவது வகையையே பரிந்துரைப்பேன். உயரம் குறைவானவர்களுக்கும், வேகம் தேவைப்படாதவர்களுக்கும் மீட்டியர் நல்ல தேர்வு என்பதில் மாற்றுக் கருத்தில்லை.

எடையைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. ஷோரூம் வாசலில் முன்சக்கரம் சரிவை நோக்கி இருக்கும்படி வண்டியை நிறுத்தச் சொல்லி, அதில் உட்கார்ந்தபடியே காலால் உந்திப் பின்னே தள்ளிப் பாருங்கள். ஹிமாலயன் 450-இன் 196 கிலோவும், வி-ஸ்ட்ரோம் எஸ்எக்ஸின் 167 கிலோவும் ஓடும்போது அவ்வளவு வேறுபாடாகத் தெரியாது. விடுதியின் சரளைக்கல் வாகன நிறுத்தத்தில், இரவு ஒன்பது மணிக்கு, பைகளோடு திருப்ப வேண்டியிருக்கும்போது அந்த 29 கிலோ நன்றாகவே தெரியும்.

பெட்ரோல் டேங்கின் அளவை நம் பக்கத்தில் பெரிதாகக் கருத வேண்டியதில்லை. லிட்டருக்கு 30 கிலோமீட்டர் கிடைத்தால் 12 லிட்டர் டேங்கே 360 கிலோமீட்டர் தரும், அதற்குள் உங்கள் முதுகு மூன்று முறையாவது நிற்கச் சொல்லியிருக்கும். மணாலியிலிருந்து லே செல்லும் சாலையில் தண்டி என்ற ஊரில், அடுத்த பங்க் 365 கிலோமீட்டருக்கு அப்பால் என்று எழுதிய பலகை பயணிகளிடையே புகழ்பெற்றது. அப்படிப்பட்ட வழிகளுக்குத் திட்டமிடுபவர்கள் மட்டும் 15 லிட்டருக்குக் குறையாத டேங்கைத் தேடினால் போதும்.

உட்காரும் விதத்தைச் சரிசெய்தல்

புது வண்டி கைக்கு வந்ததும் பலர் ஆயிரக்கணக்கில் செலவழித்துத் துணைப்பொருள் வாங்குகிறார்கள். அதற்கு முன் ஒரு ஸ்பேனரைக் கொண்டு செய்யக்கூடிய திருத்தங்களைச் செய்து பாருங்கள், பாதி வலி அதிலேயே போய்விடும்.

முதலாவது, கிளட்ச், பிரேக் லீவர்களின் கோணம். வண்டியை நிமிர்த்தி நிறுத்தி, வழக்கம்போல் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கைகளையும் கைப்பிடியில் வைத்து விரல்களை நீட்டுங்கள். முழங்கையிலிருந்து விரல் நுனி வரை ஒரே நேர்கோடாக இருந்து, விரல்கள் நேராக லீவரின் மேல் போய் அமர வேண்டும். லீவரை எட்டுவதற்காக மணிக்கட்டு மேல்நோக்கி மடிந்தால், ஒரு நாளில் ஆயிரம் முறை கிளட்ச் பிடிக்கும்போது அந்த மடிப்பில்தான் வலி சேரும். லீவரை ஹேண்டில்பாரோடு பிணைக்கும் கிளாம்பின் போல்ட்டைச் சற்றே தளர்த்தி, லீவரைச் சுழற்றிச் சரியான கோணத்தில் வைத்து மீண்டும் இறுக்க ஐந்து நிமிடம் ஆகும். என்னுடைய வண்டியில் லீவரை ஒரு விரற்கடை அளவு கீழே இறக்கியதும், இரண்டு ஆண்டுகளாக இருந்த இடது மணிக்கட்டு வலி அடுத்த பயணத்திலேயே நின்றுவிட்டது. இதற்குப் பிறகும் தோள் முன்னே சாய்ந்தே இருப்பதாக உணர்ந்தால், ஹேண்டில்பாரை உயர்த்தும் ரைசர்களைப் பற்றி யோசிக்கலாம். அவற்றை மாட்டியதும் ஹேண்டிலை இருபுறமும் முழுமையாகத் திருப்பி, ஆக்ஸிலேட்டர் கேபிளோ பிரேக் ஹோஸோ விறைக்கவில்லை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

இரண்டாவது, பின்பக்க ஷாக் அப்சார்பரின் பிரீலோடு, அதாவது அதன் ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைத்திருக்கும் அளவு. வண்டியோடு வரும் வளைந்த ஸ்பேனரால் ஸ்பிரிங்கின் மேலுள்ள வளையத்தைத் திருப்பி இதைக் கூட்டவும் குறைக்கவும் முடியும். தனியாக ஓட்டும்போது இருக்கும் அமைப்பிலேயே துணைவியாரையும் இரண்டு பைகளையும் ஏற்றினால் வண்டியின் பின்பகுதி அமிழ்ந்துவிடும். ஷாக் அப்சார்பருக்கு இயங்க இடமில்லாமல் ஒவ்வொரு பள்ளமும் நேராக முதுகுக்கு வரும், முன்சக்கரம் இலேசாகித் திருப்பங்களில் பிடிமானம் குறையும், ஹெட்லைட் மேல்நோக்கி எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். பாரம் ஏற்றும்போது இரண்டு மூன்று படி கூட்டினால் இந்த மூன்று குறைகளும் ஒன்றாகத் தீரும்.

செயின், டயர், பிரேக்

செயினைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நெடும்பயணத்தில் அதிகம் உழைப்பதும் அதிகம் புறக்கணிக்கப்படுவதும் அதுதான். 500 கிலோமீட்டருக்கு ஒருமுறையும், மழையில் நனைந்தால் அன்று மாலையே தவறாமலும், செயினைத் துடைத்து எண்ணெய் விட வேண்டும். இணைப்புகளில் ரப்பர் வளையங்கள் உள்ள ஓ-ரிங் செயின் என்றால் மண்ணெண்ணெயோ செயின் கிளீனரோ தொட்ட துணியால் துடைக்கலாம். பெட்ரோல் அந்த ரப்பர் வளையங்களைக் கெடுத்துவிடும், கம்பி பிரஷ் அவற்றைக் கிழித்துவிடும். ஓட்டி முடித்து செயின் இளஞ்சூடாக இருக்கும்போது 90 கிரேடு கியர் ஆயிலை உட்பக்கத்தில் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒரு இரவு ஊறவிட்டு, காலையில் மிகுதியைத் துடைத்துவிட்டால் போதும். விலையுயர்ந்த ஸ்ப்ரே கிடைக்காத ஊரிலும் இந்த ஆயில் கிடைக்கும்.

தொய்வை அளவிடுவதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். செயின் சுற்றும் பற்சக்கரங்களான இரண்டு ஸ்ப்ராக்கெட்டுகளுக்கும் நடுவே கீழ்ப்பக்கச் செயினை விரலால் மேலும் கீழும் தள்ளினால் அது எவ்வளவு அசைகிறது என்பதே தொய்வு. பல வண்டிகளுக்கு 20 முதல் 30 மி.மீ., சஸ்பென்ஷன் அசைவு அதிகமுள்ள வண்டிகளுக்கு அதைவிடக் கூடுதலாக என்று வண்டியின் கையேட்டில் இருக்கும். இந்தத் தொய்வு மாறாத அளவு அல்ல. பாரம் ஏறிப் பின்சக்கரம் மேலெழும்போது முன் ஸ்ப்ராக்கெட், பின்சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் அசையும் ஸ்விங் ஆர்மின் அச்சு, பின்சக்கர அச்சு மூன்றும் ஒரே கோட்டுக்கு வருகின்றன, அந்த நிலையில்தான் செயின் மிக விறைப்பாக இருக்கும். ஒருமுறை பயணத்துக்கு முந்தைய நாள் சர்வீஸுக்கு விட்டபோது, ஆள் ஏறாத வண்டியில் செயினைத் தந்தி போல் இறுக்கித் தந்துவிட்டார்கள். மறுநாள் இருவரும் பைகளோடு புறப்பட்டுத் திண்டுக்கல்லைத் தாண்டுவதற்குள் கீழிருந்து ஓர் ஊளைச் சத்தம் வரத் தொடங்கியது. நிறுத்தி, துணைவியாரை ஏறி உட்காரச் சொல்லிச் செயினைத் தொட்டால் அசையவே இல்லை. வழியிலேயே தளர்த்தி ஊர் போய்ச் சேர்ந்தோம், ஆனால் முன் ஸ்ப்ராக்கெட் பக்கத்து ஆயில் சீல் கசியத் தொடங்கி, பிறகு அதை மாற்ற வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து, பாரம் ஏற்றி ஆள்கள் உட்கார்ந்த பிறகும் செயினில் சிறிது அசைவு இருக்கிறதா என்று ஒருமுறை தொட்டுப் பார்க்காமல் நான் புறப்படுவதில்லை. செயின் சற்றுத் தளர்வாக இருப்பதை விட இறுக்கமாக இருப்பதே அதிகக் கேடு செய்யும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2321 என்றிருந்தால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள். டயரின் வரிப்பள்ளங்கள் தேயாமல் நன்றாக இருந்தாலும் ரப்பர் முதிர்ந்து வெடிப்பு விட்டிருந்தால் நெடும்பயணத்துக்கு அதை நம்ப வேண்டாம். காற்றைக் காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போதே அளக்க வேண்டும், இருவர் செல்வதற்கான அளவு தனியே உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள். ஹிமாலயன் 411 போன்ற கம்பிச் சக்கர, டியூப் வண்டி வைத்திருப்பவர்கள் 21 அங்குல முன்சக்கர டியூப் ஒன்றைக் கையோடு எடுத்துச் செல்வது நல்லது. அந்த அளவு சாலையோரப் பஞ்சர் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. டியூப்லெஸ் என்றால் பஞ்சர் சரிசெய்யும் கருவித்தொகுப்பும் சிறிய காற்றடிப்பானும் போதும், பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும்.

பிரேக் ஆயிலை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சுவதால் அதன் கொதிநிலை இறங்கிக்கொண்டே போகும். ஊருக்குள் ஓட்டும்போது இது தெரியாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால், சூட்டில் அந்த ஈரம் ஆவியாகி லீவர் பஞ்சு போல் அமுங்கும். எந்த கியரில் ஏறுகிறோமோ அதே கியரில் இறங்கி, எஞ்சின் பிடிப்பையே முதன்மையாக நம்ப வேண்டும் என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வது இதனால்தான்.

எதை மாட்டலாம்

காற்றுத் தடுப்புக் கண்ணாடியில் தொடங்குகிறேன், ஏனெனில் உயரமானதே நல்லது என்று எண்ணி வாங்கி ஏமாறுபவர்கள் அதிகம். ஆளரவமற்ற நேர்ச் சாலையில் 70 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது தலையைச் சற்றே தாழ்த்திப் பாருங்கள், பிறகு முதுகை நிமிர்த்தித் தலையை உயர்த்திப் பாருங்கள். தாழ்த்தும்போது ஹெல்மெட்டின் அதிர்வு நின்றால் உயரமான கண்ணாடி உதவும். உயர்த்தும்போது நின்றால், இப்போதுள்ள கண்ணாடியின் மேல்விளிம்பில் சுழலும் காற்றுதான் உங்கள் தலையை ஆட்டுகிறது, குட்டையான கண்ணாடியே தீர்வு. காற்றிரைச்சலுக்குப் பஞ்சுபோன்ற காதடைப்பான் போதும். மாலையில் வரும் அசதியில் பெரும்பங்கு அந்த இரைச்சலால் வருவது என்பதை அதைப் பயன்படுத்திய முதல் நாளே உணர்ந்தேன். ஹாரன் சத்தம் அதையும் மீறிக் கேட்கும்.

சீட்டுக்கு ஜெல் திண்டை விடக் காற்றோட்டமான வலைத் திண்டு நம் வெயிலுக்குப் பொருந்துகிறது. வியர்வை தேங்குவது குறைவதால் தோல் உரசிப் புண்ணாவதும் குறையும். கிராஷ் கார்டு அவசியம், வண்டி சாய்ந்தால் காலையும் எஞ்சினையும் காக்கும்.

பைகளைப் பொறுத்தவரை, கனமானவை கீழேயும் முன்னேயும், இலேசானவை மேலேயும் பின்னேயும் என்பது விதி. கருவிகள், தண்ணீர், பூட்டு போன்றவற்றைப் பக்கவாட்டுப் பைகளின் அடியில் வையுங்கள். பின்சக்கர அச்சுக்கும் பின்னால் தொங்கும் டாப் பாக்ஸில் கனத்தை ஏற்றினால் முன்சக்கரம் இலேசாகி, வேகத்தில் ஹேண்டில் நடுங்கும். அதன் தாங்கியில் பொறித்திருக்கும் எடை வரம்பை மீறவே கூடாது. பக்கவாட்டுத் தாங்கி மாட்டுவதற்காக சாரி கார்டைக் கழற்றிவிடச் சொல்லும் கடைகளும் உண்டு. பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடியும், கால்மிதியும், பின்சக்கரத்தின் பாதியையாவது மறைக்கும் தடுப்பும் இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 123 சொல்கிறது. புடவைத் தலைப்போ துப்பட்டாவோ சக்கரத்தில் சிக்கினால் என்னவாகும் என்பதை எண்ணிப் பார்ப்பவர் எவரும் அதைக் கழற்றச் சம்மதிக்க மாட்டார்.

கூடுதல் விளக்கு மாட்டினால் பேட்டரியிலிருந்து ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்ச்) வழியாகத் தனி வயர் இழுத்து, ஃபியூஸ் வைக்க வேண்டும். 20 வாட் விளக்கு இரண்டுக்கு 12 வோல்ட்டில் ஏறத்தாழ 3.3 ஆம்பியர் ஓடும், 5 ஆம்பியர் ஃபியூஸ் சரியாக இருக்கும். ஹேண்டில் திரும்பும் இடத்தில் வயரைச் சற்றுத் தளர்வாக விடுங்கள், இல்லையெனில் சில மாதங்களில் அங்கேதான் அறும். கைபேசித் தாங்கியில் அதிர்வைக் குறைக்கும் ரப்பர் அமைப்பு இருக்க வேண்டும். பைக் எஞ்சினின் அதிர்வு ஐஃபோன் கேமராவைப் பாதிக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-இல் எச்சரித்திருக்கிறது. கிளட்ச் கேபிள் உள்ள வண்டியானால், உதிரிக் கேபிள் ஒன்றை ஓடிக்கொண்டிருக்கும் கேபிளுக்குப் பக்கத்திலேயே வழியிட்டுக் கட்டி வைத்துவிடுவது புல்லட் ஓட்டுநர்களின் பழைய வழக்கம். அறுந்தால் டேங்கைக் கழற்றாமலே இருமுனைகளையும் மாற்றிக்கொள்ளலாம்.

புதிதாக மாட்டிய தாங்கிகளின் நட்டுகளை முதல் 100 கிலோமீட்டரில் நிறுத்தி ஒருமுறை இறுக்குங்கள், அதிர்வில் அவை எப்படியும் சற்றுத் தளர்ந்திருக்கும். வீடு திரும்பிப் பைகளை இறக்கியதும், கூட்டி வைத்த பிரீலோடைப் பழைய படிக்குக் குறைத்து, டயர் காற்றை ஒருவருக்கான அளவுக்குக் கொண்டு வந்து, செயினுக்கு எண்ணெய் விட்ட பிறகே வண்டியைப் போர்த்தி நிறுத்துங்கள்.