எச்.ஐ.வி விஷயத்துல நம்ம டர்பன் ஜனங்க தவிர்க்க வேண்டிய தப்புகள்

டர்பன்ல சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் பக்கம் நம்ம வீடுகள்ல எச்.ஐ.வின்னு பேச்செடுத்தாலே "அதெல்லாம் நம்ம ஆளுங்களுக்கு வராதுப்பா"ன்னு சொல்லி வாயை அடைச்சிருவாங்க. ஆனா தென்னாப்பிரிக்காவுலயே எச்.ஐ.வியோட வாழுறவங்க எண்ணிக்கை அதிகமா இருக்கிறது நம்ம குவாசுலு நட்டால் மாகாணத்துலதான், நாம இருக்கிறதும் இங்கதான். இந்த வியாதில எல்லாமே நேரத்தைப் பொறுத்ததுங்க, எப்ப டெஸ்ட் பண்றோம் எப்ப மாத்திரை ஆரம்பிக்கிறோம்ங்கிறதுதான் கணக்கு, நம்ம ஜனங்க அந்த நேரத்தைத்தான் வெட்கத்துல தொலைக்கிறாங்க, அது எனக்கு ரொம்ப வேதனையா இருக்கு.

ஆளு நல்லா குண்டா ஆரோக்கியமா இருக்காருன்னு பார்த்து முடிவு பண்றதுதான் மொத தப்பு. இந்த வைரஸ் உடம்புக்குள்ள வந்தப்புறம் பல வருஷம் ஒண்ணுமே காட்டாம இருக்கும். கல்யாணம் ஆகி இருபது வருஷம் ஆன அக்காமாருங்க "எனக்கு எதுக்கு டெஸ்ட், நான் எங்கயும் போறதில்லையே"ன்னு சொல்றாங்க, உங்களைப் பத்தி யாரும் தப்பா சொல்லலைக்கா, வீட்டுக்காரரும் டெஸ்ட் பண்ணிருக்காரான்னு தெரியாம நீங்க எப்படி நிம்மதியா இருக்க முடியும்? கல்யாணத்துக்கு ஜாதகம் பாக்குற நாம, பையனும் பொண்ணும் சேர்ந்து போய் ஒரு டெஸ்ட் எடுக்கச் சொன்னா மட்டும் சண்டைக்கு வர்றோம்.

அரசாங்க கிளினிக்ல டெஸ்ட் இலவசம், விரல்ல ஒரு குத்து, கொஞ்ச நேரத்துல ரிசல்ட். பாசிட்டிவ்னு வந்தா வேற கிட்ல திரும்பப் பார்த்துதான் உறுதி பண்ணுவாங்க. 12 வயசு ஆன பிள்ளைங்க அப்பா அம்மா கையெழுத்து இல்லாமலே டெஸ்ட் பண்ணிக்கலாம்னு இங்க சட்டமே இருக்கு.

நேத்து ராத்திரி காண்டம் இல்லாம இருந்துட்டோமேன்னு பயம், இன்னிக்கு காலைல ஓடிப்போய் டெஸ்ட், நெகட்டிவ்னு வந்ததும் அப்பாடான்னு வீட்டுக்கு வர்றது, இது இன்னொரு பெரிய தப்பு. விரல் குத்தி பண்ற டெஸ்ட்ல புது தொற்று உடனே தெரியாது, 3 மாசம் கழிச்சு திரும்ப பண்ணாத்தான் அந்த நெகட்டிவை நம்பலாம். பார்மசில விக்கிற வீட்டு டெஸ்ட் கிட்டும் இப்படித்தான், அதுல பாசிட்டிவ் வந்தா கிளினிக் போய் உறுதி பண்ணணும். ஏற்கனவே மாத்திரை சாப்பிடுறவங்க அந்த கிட்டை எடுத்து சோதிச்சுப் பாக்கவே கூடாது, மருந்தால பொய்யா நெகட்டிவ் காட்டலாம், அதைப் பார்த்து குணமாயிடுச்சுன்னு மாத்திரையை விட்டா ஆபத்து.

அந்த 'நேத்து ராத்திரி பயம்' இருக்கே, அதுக்குத்தான் பெப் (PEP)னு, ரிஸ்க் நடந்தப்புறம் தொற்று பிடிக்காம தடுக்கிற மாத்திரை இருக்கு, நம்ம ஆளுங்கள்ல பாதிப் பேருக்கு இது தெரியாதுங்கிறதுதான் என் ஆதங்கம். 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கணும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, 28 நாள் விடாம சாப்பிடணும். சனிக்கிழமை நடந்ததுக்கு திங்கட்கிழமை வேலை முடிச்சுட்டு பாத்துக்கலாம்னு இருக்காதீங்க, ஆஸ்பத்திரி எமர்ஜென்சி ராத்திரியும் திறந்துதான் இருக்கும். பலாத்காரத்துக்கு ஆளானவங்களுக்கு சாட்ஸ்வொர்த்ல ஆர்.கே. கான் ஆஸ்பத்திரில அவங்களுக்குன்னே துத்துசேலாங்கிற உதவி மையம் இருக்கு, போலீஸ் கேஸ் கொடுக்கிறதா வேணாமான்னு வீட்ல வாக்குவாதம் பண்ணிட்டிருக்கிற நேரத்துல 72 மணி நேரம் ஓடிரும், மொதல்ல மருந்து, மத்ததெல்லாம் அப்புறம்.

அடிக்கடி ரிஸ்க் இருக்கிறவங்களுக்கு பிரெப் (PrEP)னு, தொற்று வராம முன்கூட்டியே தடுக்கிற தினசரி மாத்திரை இருக்கு, அதையும் கிளினிக்லயே இலவசமா கொடுக்கிறாங்க. ஆரம்பிச்ச அன்னிக்கே பாதுகாப்பு வந்துருச்சுன்னு நினைக்காதீங்க, மொத 7 நாளாவது காண்டமும் சேர்த்துக்கணும். மத்த பால்வினை நோய்களை பிரெப் தடுக்காது, அதுக்கு எப்பவுமே காண்டம்தான்.

"கிளினிக் க்யூவுல கோயில்காரங்க யாராவது பார்த்துட்டா?" இந்த பயத்தை நான் சின்னதா நினைக்கல. 1998 டிசம்பர்ல இதே டர்பன்ல, க்வாமாஷூவுல, குகு த்லாமினிங்கிற பொண்ணு தனக்கு எச்.ஐ.வி இருக்குன்னு வெளிப்படையா சொன்னதுக்காக அடிச்சே கொன்னாங்க. ஆனா அப்ப மருந்தும் கிடையாது, அரசாங்க ஆஸ்பத்திரிகள்ல மாத்திரை கொடுக்க ஆரம்பிச்சதே 2004லதான். பூண்டு, பீட்ரூட், எலுமிச்சைன்னு சொல்லி அரசாங்கமே மருந்தை தள்ளிப்போட்ட அந்த வருஷங்கள்ல 3 லட்சத்துக்கும் மேல உயிர் போச்சுன்னு ஹார்வர்ட் ஆராய்ச்சி 2008ல கணக்கு சொல்லுச்சு. அதுக்கப்புறமும் யாரோ சொன்ன கஷாயத்தை நம்பி மாத்திரையை நிறுத்துறவங்களைப் பார்த்தா வயிறு எரியுது. கஷாயம் பிடிச்சா நர்ஸ்கிட்ட சொல்லிட்டு குடிங்க, மாத்திரைக்குப் பதிலா குடிக்காதீங்க.

ஏரியாவுல போக கூச்சமா இருந்தா வேற ஏரியால டெஸ்ட் பண்ணுங்க, ஆனா பண்ணுங்க. வேலை கொடுக்கிறவரு உங்களை எச்.ஐ.வி டெஸ்ட் பண்ணச் சொல்லி கட்டாயப்படுத்த முடியாது, லேபர் கோர்ட் அனுமதிச்சாத்தான் முடியும். மாத்திரையை மாசாமாசம் க்யூல நின்னு வாங்கணும்னும் இல்ல, நிலையா இருக்கிறவங்க பக்கத்து பார்மசி மாதிரி பிக்கப் பாயிண்ட்லயே வாங்கிக்கலாம், நர்ஸ்கிட்ட கேளுங்க, கேக்காம இருந்தா யாரும் சொல்ல மாட்டாங்க.

இன்னொரு பழைய நினைப்பு, 'இன்னும் உடம்பு மோசமாகல, சிடி4 குறையட்டும்'னு காத்திருக்கிறது (சிடி4ங்கிறது ரத்தத்துல நோயை எதிர்க்கிற அணுக்களோட எண்ணிக்கை). 2016 செப்டம்பர்ல இருந்தே அந்த விதி போயிடுச்சு, பாசிட்டிவ்னா சிடி4 எவ்வளவா இருந்தாலும் மருந்து உண்டு, முடிஞ்சா அன்னிக்கே ஆரம்பிப்பாங்க. இருமல், ராத்திரி வேர்வை, எடை குறையிறது இருந்தா மறைக்காம சொல்லுங்க, டிபிதான் எச்.ஐ.வி இருக்கிறவங்களை அதிகமா கொல்லுது, அதுக்கு தடுப்பு மாத்திரையும் தனியா உண்டு.

எச்.ஐ.விக்கு இப்ப பெரும்பாலும் கொடுக்கிறது டி.எல்.டி (TLD), மூணு மருந்து சேர்ந்தது, ஒரு நாளைக்கு ஒரே மாத்திரை. இதுல நம்ம ஜனங்களுக்குன்னே ஒரு முக்கியமான சிக்கல் இருக்கு. நம்மள்ல சுகர் இல்லாத வீடே கம்மி, சுகருக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுறவங்க அதை எச்.ஐ.வி நர்ஸ்கிட்ட சொல்றதே இல்ல, ஏன்னா சுகர் டாக்டர் பிரைவேட், எச்.ஐ.வி கார்டு அரசாங்க கிளினிக், ரெண்டு பேருக்கும் ஒருத்தரை ஒருத்தர் தெரியக் கூடாதுன்னு பொத்திப் பொத்தி வெச்சிருப்பாங்க. டி.எல்.டில இருக்கிற டோலுடெக்ராவிர்ங்கிற மருந்து ரத்தத்துல மெட்ஃபார்மினை ஏத்தி விடும், அதனால மெட்ஃபார்மின் ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அசிடிட்டிக்கு குடிக்கிற மக்னீசியம், அலுமினியம் மருந்து இருந்தா டி.எல்.டியை அதுக்கு 2 மணி நேரம் முன்னாடி, இல்லன்னா 6 மணி நேரம் கழிச்சு போடணும். கர்ப்பிணிங்க சாப்பிடுற இரும்பு, கால்சியம் மாத்திரைகளை வெறும் வயித்துல இதோட சேர்த்து போடக் கூடாது, சாப்பாட்டோட சேர்த்து போடலாம். வலிப்பு மாத்திரை, டிபி மருந்து எது இருந்தாலும் ரெண்டு பக்கமும் சொல்லிருங்க.

காவடி விரதம், புரட்டாசி விரதம்னு மாத்திரையை நிறுத்துறவங்களும் இருக்காங்க. டி.எல்.டியை சாப்பாடு இல்லாமலும் போடலாம், பத்து நாள் விரதத்துலயும் அதே நேரத்துக்கு தண்ணியோட போட்டுக்கோங்க, எந்த முருகனும் கோவிச்சுக்க மாட்டான்.

வைரல் லோடு, அதாவது ரத்தத்துல இருக்கிற வைரஸ் அளவு, 50க்குக் கீழ போயி அப்படியே நின்னா, உடலுறவு மூலமா அடுத்தவங்களுக்கு பரவாது, பல நாட்டு ஜோடிகளை வருஷக்கணக்கா பார்த்து உறுதி பண்ணின விஷயம் இது. ஆனா அதைக் குணமாயிட்டதா எடுத்துக்கிட்டு மாத்திரையை விட்டா சில வாரத்துலயே வைரஸ் திரும்ப ஏறிரும். வைரல் லோடு டெஸ்ட் ரிசல்ட் என்னன்னு கேட்டு வாங்குங்க, ரத்தம் கொடுத்துட்டு வந்தா மட்டும் போதாது.

கர்ப்பமா இருக்கிற பொண்ணுங்க மொத டெஸ்ட் நெகட்டிவ்னா விட்டுராதீங்க, கர்ப்பத்துலயும் பால் கொடுக்கிற காலத்துலயும் திரும்பத் திரும்ப பண்ணணும். பாசிட்டிவா இருந்தாலும் அம்மா ஒழுங்கா மாத்திரை எடுத்து, குழந்தைக்கும் மருந்து கொடுத்தா, தாய்ப்பாலும் கொடுக்கலாம், குழந்தை நல்லபடியா வளரும்.

நடுவுல மாத்திரையை விட்டவங்க, ஆறு மாசமோ ரெண்டு வருஷமோ, நர்ஸ் திட்டுவாங்கன்னு போகாம இருக்காங்க. திட்டுனாலும் போங்க. அந்த கிளினிக் பிடிக்கலன்னா வேற கிளினிக்ல போய் "நான் முன்னாடி சாப்பிட்டுட்டிருந்தேன், விட்டுட்டேன்"னு உண்மையைச் சொன்னா போதும், திரும்ப ஆரம்பிச்சுருவாங்க. போறதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது பேசணும்னா 0800 012 322க்கு கூப்பிடுங்க, தேசிய எய்ட்ஸ் ஹெல்ப்லைன், பேர் சொல்லத் தேவையில்ல.