சவாரிக் குதிரை விற்கப் போகிறீர்களா?
குதிரை சாது என்று வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்? வாங்க வருபவரை வெண்ணாற்றங்கரைக்கே கூட்டிப் போங்கள். முதலில் நீங்கள் ஏறுங்கள், அப்புறம் அவர் ஏறட்டும். எதிரே டிராக்டர் வரும்போதும், மதகில் தண்ணீர் இரையும்போதும், வயலிலிருந்து கொக்குகள் படபடவென்று எழும்போதும் காதை மட்டும் திருப்பிவிட்டு அது நடந்தால் பேரம் பாதி முடிந்த மாதிரி. அவர் வருமுன் ஓட்டிக் களைக்க வைக்காதீர்கள். சேணத்தடி வியர்வை காட்டிக்கொடுத்துவிடும். 5 வயதுவாக்கில் நிலைப்பற்கள் எல்லாம் முளைத்துவிடும், பல்லைப் பார்த்தே வயது சொல்லிவிடுவார்கள். ராசிக்காக உடம்பிலுள்ள மயிர்ச் சுழியும் பார்ப்பார்கள் (எனக்கு அதில் நம்பிக்கை இல்லை). வெடிச் சத்தத்துக்கு மிரளுமா? முன்னாலேயே சொல்லிவிடுங்கள். ஆடியில் அந்தியூர் குதிரைச் சந்தைக்கும் கொண்டுபோகலாம். ஆனால் அந்தக் கூட்டத்தில் இப்படிப் பொறுமையாக நடத்திக் காட்டுவது கஷ்டம்.