கடல் சூழலமைப்புகளின் நெருக்கடிகளைப் பல்கலைக்கழக அளவில் பயிலும் முறை

கடல்வாழ் சூழலமைப்புகளுக்கு நேரும் அச்சுறுத்தல்களைப் பாடநூல்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில் அடுக்கித் தருகின்றன: அளவுக்கு மீறிய மீன்பிடிப்பு, மாசு, வெப்பமாதல், அமிலமாதல், அயல் இனங்களின் பரவல், வாழிட அழிவு. தேர்வில் விடை எழுத இந்த வரிசை போதும். கடலைப் புரிந்துகொள்ளப் போதாது. ஏனெனில் கடலில் இவை அத்தியாயம் அத்தியாயமாக வருவதில்லை, ஒன்று பலவீனப்படுத்திய இடத்தில்தான் மற்றொன்று நுழைகிறது. ஆகவே பவளத்திட்டு, கடற்புல் படுகை, பாசிக்காடு, ஆழ்கடல் தரை ஆகியவற்றுள் ஏதேனும் ஒரு வாழிடத்தை முதல் பருவத்திலேயே தேர்ந்துகொண்டு, அதற்கு நேர்ந்தவை எந்த வரிசையில் நேர்ந்தன, ஒன்று மற்றொன்றின் விளைவை எவ்வாறு பெருக்கியது என்று பின்தொடர்ந்து படிப்பதே நல்ல வழி.

இவ்வாறு படிப்பதற்கு வட அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள, கெல்ப் என்னும் பெரிய கடற்பாசியாலான பாசிக்காடுகள் தெளிவான எடுத்துக்காட்டு. அக்கரையில் 2013-இல் நட்சத்திர மீன்களின் உடலைச் சிதையச் செய்யும் நோய் பரவி, கடல் முள்ளெலிகளை (உருண்டையான, முட்கள் நிறைந்த சிறு கடலுயிர்களை) வேட்டையாடும் சூரியகாந்தி நட்சத்திர மீன்களைப் பெருமளவில் அழித்தது. அடுத்து 2014 முதல் 2016 வரை நீடித்த கடல் வெப்ப அலை, குளிர்ந்த நீரை நம்பி வளரும் பாசியை நலிவடையச் செய்தது. வேட்டையாடியும் இல்லை, உணவும் குறைவு என்ற நிலையில், பாறை இடுக்குகளில் ஒதுங்கியிருந்த ஊதா நிற முள்ளெலிகள் வெளியே வந்து எஞ்சிய பாசியையும் மேய்ந்தன. வடக்குக் கலிபோர்னியாவில் பாசிக்காட்டின் பரப்பில் 90 விழுக்காட்டுக்கு மேல் மறைந்தது. பாசியை உண்டு வாழும் சிவப்பு அபலோன் நத்தைகள் பட்டினியால் மடிய, அவற்றின் பிடிப்பு 2018-இல் நிறுத்தப்பட்டது. இத்தனைக்கும் முன்னதாக, முள்ளெலிகளை உண்ணும் கடல் நீர்நாய்கள் மென்மயிர் வணிகத்துக்காக வேட்டையாடப்பட்டு அப்பகுதியிலிருந்து மறைந்திருந்தன என்பதையும் சேர்த்துப் பார்த்தால், நிகழ்வின் தொடக்கத்தை எந்த ஆண்டில் வைப்பது என்பதே ஆய்வுக்குரிய கேள்வியாகிவிடுகிறது.

இந்த நிகழ்வை ஒரு தாளில் அம்புக்குறிகளால் வரைந்து, ஒவ்வோர் அம்பின் மேலும் அதற்கான சான்று எத்தகையது என்று எழுதுங்கள்: கட்டுப்படுத்தப்பட்ட சோதனையா, ஒரே காலத்தில் நிகழ்ந்ததால் கொண்ட அனுமானமா, அல்லது பிற இடத்து ஆய்விலிருந்து எடுத்துப் பொருத்தியதா? நட்சத்திர மீன் நோய்க்கு ஒரு விப்ரியோ பாக்டீரியா காரணம் என்று 2025-இல்தான் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அதற்கு முன் வரைந்தவர்கள் அந்த இடத்தில் கேள்விக்குறியே இட்டிருக்க வேண்டும். நேர்மையாக வரைந்த படத்தில் கேள்விக்குறிகள் நிறையவே இருக்கும்.

அடிப்படை அறிவைப் பொறுத்தவரை, உயிரியல் மாணவர்கள் பலர் தவிர்க்க விரும்பும் வேதியியலும் புள்ளியியலுமே இத்துறையில் அதிகம் தேவைப்படுகின்றன. தொழிற்புரட்சிக்கு முன் சுமார் 8.2 ஆக இருந்த கடல் மேற்பரப்பின் பி.எச். மதிப்பு இப்போது 8.1 அளவில் உள்ளது என்பதைப் படித்து, வேறுபாடு 0.1 தானே என்று கடந்துவிடுகிறோம். பி.எச். மடக்கை அளவீடு என்பதை நினைவில் கொண்டு 10-இன் அடுக்காக 0.1-ஐ இட்டுக் கணக்கிட்டால் 1.26 கிடைக்கும், அதாவது ஹைட்ரஜன் அயனிகளின் செறிவு ஏறத்தாழ 26 விழுக்காடு கூடியிருக்கிறது. கடல் நீர் இன்னும் காரத்தன்மை உடையதே என்பதும், ‘அமிலமாதல்’ என்ற சொல் மாற்றத்தின் திசையைத்தான் குறிக்கிறது என்பதும் அதே கணக்கிலிருந்து விளங்கும்.

வெப்பத்தால் பவளங்கள் நிறமிழக்கும் பவள வெளிறலைப் படிப்பவர்கள் ‘வெப்ப வாரம்’ என்னும் அளவைத் தாங்களே ஒருமுறை கையால் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. ஓரிடத்தின் மிக வெப்பமான மாதத்தின் நீண்டகாலச் சராசரி 29 டிகிரி செல்சியஸ் என்று கொள்வோம். அதைவிட ஒரு டிகிரியோ அதற்கு மேலோ உயர்ந்த வாரங்களின் மிகை வெப்பம் மட்டுமே கணக்கில் சேரும். நான்கு வாரங்கள் 30.5 டிகிரி நீடித்தால் மிகை 6. ஒரு வாரம் 29.8-க்கு இறங்கினால் அந்த வாரத்துக்கு எதுவும் சேராது. பின் இரு வாரங்கள் 30 டிகிரி இருந்தால் மேலும் 2 சேர்ந்து மொத்தம் 8 ஆகும். கடைசிப் பன்னிரண்டு வாரங்களின் கூட்டுத்தொகை 4-ஐ எட்டும்போது குறிப்பிடத்தக்க வெளிறலும், 8-ஐ எட்டும்போது பரவலான வெளிறலும் இறப்பும் எதிர்பார்க்கப்படுகின்றன. அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா செயற்கைக்கோள் பதிவுகளைக் கொண்டு இதை உலகம் முழுவதற்கும் கணக்கிட்டு வெளியிடுகிறது. 2024 ஏப்ரலில் உறுதிசெய்யப்பட்ட நான்காம் உலகளாவிய பவள வெளிறலைப் பற்றிய அறிக்கைகளை இக்கணக்கைச் செய்த பிறகு படித்தால், அவற்றிலுள்ள வரைபட நிறங்கள் வெறும் நிறங்களாகத் தோன்றா.

புள்ளிவிவரம் ஒன்றைக் கண்டவுடன் அதன் பகுதி (எதனுடைய விழுக்காடு என்பது) எதுவென்று கேட்கும் பழக்கம் மிக அவசியம். ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் 2024 அறிக்கையின்படி, 2021-இல் மதிப்பிடப்பட்ட கடல் மீன் இருப்புகளில் (தனித்தனியே கணக்கிடப்படும் மீன் கூட்டங்களில்) 37.7 விழுக்காடு அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டவை. அதே அறிக்கை, கரைக்கு வந்த மீனின் எடையைக் கொண்டு பார்த்தால் 76.9 விழுக்காடு நிலைத்து நிற்கத்தக்க இருப்புகளிலிருந்து வந்தது என்றும் கூறுகிறது. இரண்டும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. முதலாவது இருப்புகளின் எண்ணிக்கையையும், இரண்டாவது பிடிப்பின் அளவையும் பகுதியாகக் கொள்கின்றன. கட்டுரையில் தமக்கு வசதியான ஒன்றை மட்டும் எடுத்தாள்வது எந்தத் தரப்பினருக்கும் எளிது. ஒப்பீட்டுக்குத் தொடக்கமாகக் கொள்ளும் அடிக்கோடு நகர்வதும் இதே வகைச் சிக்கல்தான்: ஒவ்வொரு தலைமுறை ஆய்வாளரும் தம் இளமையில் கண்ட கடலையே இயல்பான கடலாகக் கொள்கிறார் என்று மீன்வள அறிவியலாளர் டேனியல் பாலி 1995-இல் சுட்டிக்காட்டினார். எனவே எந்த ஆய்விலும் முடிவுரைக்கு முன்பாக, ஒப்பீடு எந்த ஆண்டிலிருந்து தொடங்குகிறது என்பதைப் பாருங்கள்.

தரவுகளுக்குக் குறைவில்லை. உலகப் பெருங்கடல்களில் சுமார் 4,000 ஆர்கோ மிதவைகள் பத்து நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் ஆழத்திலிருந்து மேலெழுந்து வெப்பநிலையையும் உப்புத்தன்மையையும் அனுப்புகின்றன. உயிரினப் பதிவுகளுக்கு ஓபிஸ் தரவுத்தளம் இருக்கிறது. ஆர், பைத்தான் ஆகிய நிரல் மொழிகளுள் ஒன்றைக் கற்றுக்கொண்டால் இவற்றைத் திறந்து ஆராயலாம். ஆனால் ஆர்கோ மிதவைகள் ஆழமற்ற கரையோர நீரில் பெரும்பாலும் இருப்பதில்லை. செயற்கைக்கோள் மேற்பரப்பை மட்டுமே காண்கிறது. கப்பல்களின் இருப்பிடத்தை அறிவிக்கும் தானியங்கி அடையாளக் கருவியை அணைத்துவிட்ட படகும், அது பொருத்தப்படாத சிறு படகும் அக்கருவியின் பதிவுகளைக் கொண்டு வரையும் மீன்பிடி வரைபடத்தில் தென்படுவதில்லை. ஓபிஸில் ஓர் இனம் பதிவாகாத இடம் அது வாழாத இடம் என்று கொள்வதற்கில்லை, யாரும் சென்று தேடாத இடமாகவும் இருக்கலாம்.

களப்பணியில் மாணவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் ஒன்றுண்டு. கழிவு நீர் கலக்கும் ஒரு குடாவில் இருபது சதுரச் சட்டங்களையும், கலக்காத மற்றொரு குடாவில் இருபது சட்டங்களையும் இட்டு உயிரினங்களை எண்ணிவிட்டு, மாதிரிகள் நாற்பது என்று எழுதிவிடுவார்கள். கழிவு நீரின் விளைவு என்ற கேள்விக்கு அங்கே இருப்பவை இரண்டே இடங்கள். நாற்பது சட்டங்கள் அவ்விரு குடாக்களும் வேறுபடுகின்றன என்பதைக் காட்டுமே தவிர, வேறுபாட்டுக்குக் கழிவு நீர்தான் காரணம் என்பதைக் காட்டா. பாதிப்புக்கு முன்னும் பின்னும், பாதிக்கப்பட்ட இடத்திலும் பாதிக்கப்படாத பல இடங்களிலும் அளப்பது இதற்கான தீர்வு. முன் அளவு கிடைக்காதபோது ஒப்பீட்டு இடங்களின் எண்ணிக்கையையாவது கூட்ட வேண்டும். (களக் குறிப்புகளைப் பென்சிலால் எழுதுங்கள். என் முதல் பயணத்தின் பேனாக் குறிப்புகள் கரை சேரும் முன் நீலக் கறையாகிவிட்டன.)

கடல் தொடர்பான சட்ட விதிகளையும் சிறிதளவு படிக்கத்தான் வேண்டும். கப்பல்கள் சமநிலைக்காக ஏற்றும் நீரின் வழியே அயல் இனங்கள் பரவுவதைத் தடுக்கும் உடன்படிக்கை 2004-இல் ஏற்கப்பட்டு 2017-இல்தான் நடைமுறைக்கு வந்தது என்பது போன்ற இடைவெளிகள், அறிவியல் முடிவு வெளிவருவதற்கும் கடலில் மாற்றம் ஏற்படுவதற்கும் நடுவே எவ்வளவு காலம் கழிகிறது என்பதைக் காட்டும்.

ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடும்போது பலர் நெகிழித் துகள்களை நாடுகிறார்கள். அவை முக்கியமற்றவை அல்ல. ஆனால் மற்றொரு கடற்கரையிலும் துகள்கள் உள்ளன என்று கண்டறிவதால் அறிவு பெரிதாக வளர்வதில்லை. அதைவிட, இரு நெருக்கடிகள் சந்திக்கும் இடத்தில் கேள்வியை வையுங்கள். எடுத்துக்காட்டாக, நீர் வெப்பமடையும்போது அதில் கரையும் ஆக்சிஜன் குறைகிறது, அதே வேளையில் மீனின் ஆக்சிஜன் தேவை கூடுகிறது. வயல் உரம் ஆற்றின் வழியே கடலில் கலந்து பாசி பெருகி, அது மடிந்து அழுகும் நீரில் ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் அது ஆக்சிஜன் பற்றாக்குறைப் பகுதி என்று வகைப்படுத்தப்படுகிறது. அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்று முகத்தில் ஒவ்வொரு கோடையிலும் இது நிகழ்கிறது. நீங்கள் தேர்ந்த இனம் 24 டிகிரி நீரில் அந்த 2 மில்லிகிராமைத் தாங்கினால், 28 டிகிரியில் அதற்கு எத்தனை மில்லிகிராம் தேவைப்படும்? இரண்டு தொட்டிகளை வைத்துக்கொண்டு தொடங்காதீர்கள். ஒவ்வொரு வெப்பநிலைக்கும் தனித்தனியே நீரேற்றம் உள்ள பல தொட்டிகள் கிடைக்குமா என்று ஆய்வகத்தில் முதலில் விசாரியுங்கள்.