கூல்டிரிங்ஸ் ஒத்துக்கொள்ளவில்லையா? பாட்டிலின் பின்பக்கத்தைப் படியுங்கள்

கூல்டிரிங்ஸே நமக்கு ஆகாது என்று சொல்பவர்களிடம், அதில் எது ஆகவில்லை என்று கேட்டால் பதில் வராது. ஒரு பாட்டிலுக்குள் சர்க்கரை, வாயு, அமிலம், நிறம், கெடாமல் வைக்கும் ரசாயனம், சிலவற்றில் காஃபீன் என்று பல பொருள்கள் இருக்கின்றன, பெரும்பாலும் அவற்றில் ஒன்றோ இரண்டோதான் உங்களுக்குத் தொல்லை கொடுக்கும். அது எது என்று தெரிந்துவிட்டால் மற்றதை நிம்மதியாகக் குடிக்கலாம்.

உதடு வீங்குவது, தொண்டை அடைப்பது, மூச்சு இழுப்பது எல்லாம் ஒரே ஒரு தடவை வந்திருந்தாலும் வீட்டில் எதையும் சோதித்துப் பார்க்காதீர்கள், அலர்ஜி பார்க்கும் மருத்துவரிடம் போங்கள். இங்கே சொல்லப்போவது வயிற்று உப்புசம், நெஞ்செரிச்சல், லேசான அரிப்பு, தலைவலி மாதிரியான தொல்லைகளுக்குத்தான்.

முதலில் இரண்டு வாரம் எந்தப் பாட்டில் பானமும் வேண்டாம். தொல்லை அடங்குகிறதா என்று பாருங்கள். அடங்கினால், அப்புறம் வெறும் சோடாவில் தொடங்குங்கள். அதில் பெரும்பாலும் தண்ணீரும் கரியமில வாயுவும்தான், அதற்கே வயிறு உப்பினால் பிரச்சினை வாயுதான், நிறத்தைப் போய் குற்றம் சொல்ல வேண்டாம். சோடா ஒத்துக்கொண்டால் மூன்று நான்கு நாள் விட்டு, நிறமில்லாத எலுமிச்சை பானத்தில் கொஞ்சம், பிறகு ஆரஞ்சு நிறத்தில் ஒன்று, பிறகு கோலா என்று ஒவ்வொன்றாக வாருங்கள். அந்த நாளில் புதிதாக வேறெதுவும் சாப்பிடாமல், குடித்த நேரத்தையும் வந்த தொல்லையையும் எழுதி வையுங்கள். மனக்கணக்கில் வைத்தால் நிச்சயம் குழம்பும்.

சரி, லேபிள். முன்பக்கத்தில் பழப் படம் போட்டு என்ன எழுதியிருந்தாலும் அது விளம்பரம். பின்பக்கத்தில் பொடி எழுத்தில், எது அதிகமோ அது முதலில் என்ற வரிசையில், சேர்மானங்கள் இருக்கும். எழுத்து தெரியாவிட்டால் செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள். நீங்கள் தேட வேண்டியது ஐஎன்எஸ் எண்கள், அதாவது உணவில் சேர்க்கும் நிறம், ரசாயனம் ஒவ்வொன்றுக்கும் உலக அளவில் கொடுத்திருக்கும் எண்கள். வளைகுடாவிலோ ஐரோப்பாவிலோ இருப்பவர்களுக்கு அதே எண் 'ஈ' என்ற எழுத்தோடு இருக்கும். மஞ்சள் நிறத்துக்கு 102, அதாவது டார்ட்ராசின். ஆரஞ்சுக்கு 110, சிவப்புக்கு 122 அல்லது 124. தோல் அரிப்பும் தடிப்பும் வருகிறவர்கள் முதலில் சந்தேகப்பட வேண்டியது இவற்றைத்தான். 2007இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வுக்குப் பிறகு, 2010 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்த நான்கிலோ இன்னும் இரண்டு நிறங்களிலோ ஏதாவது ஒன்று சேர்ந்த பானங்களில்கூட, குழந்தைகளின் கவனத்தையும் நடத்தையையும் பாதிக்கலாம் என்று அச்சிட்டே ஆக வேண்டும்.

211 என்றால் சோடியம் பென்சோயேட், பானம் கெடாமல் வைக்கும் ரசாயனம். நிறமே இல்லாத பானத்திலும் இது இருக்கலாம், அதனால் வெள்ளையாக இருப்பதெல்லாம் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். 220, 223, 224 மூன்றும் கெடாமல் வைக்கப் போடும் சல்பைட் என்ற கந்தக வகை, ஸ்குவாஷ் பாட்டில்களில் பார்க்கலாம். ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு இது மூச்சுத் திணறலைக் கிளப்பும், ஆகவே அவர்கள் இதைக் குடித்துப் பார்த்துச் சோதிக்கவே கூடாது. நம் நாட்டு உணவுச் சட்டப்படி ஒரு கிலோவுக்கு 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ சல்பைட் இருந்தால் அலர்ஜிப் பொருள் என்று லேபிளில் தனியாகச் சொல்ல வேண்டும். பால், கோதுமை, நிலக்கடலை, சோயா எல்லாம் அதே பட்டியலில் உண்டு, ஆனால் செயற்கை நிறங்கள் அதில் இல்லை. ஆக, அலர்ஜி எச்சரிக்கை இல்லை என்பதை வைத்து மட்டும் எதையும் வாங்க முடியாது.

சர்க்கரை இல்லாதது என்று விற்பதில் 950, 951, 955 என்ற செயற்கை இனிப்பு எண்களைப் பாருங்கள். 951 அஸ்பார்டேம், ஃபீனைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் கோளாறு உள்ளவர்கள் அதைத் தொடவே கூடாது. காஃபீன் கோலாவில் மட்டுமல்ல, எலுமிச்சை ருசியுள்ள சில பானங்களிலும் பாட்டில் டீயிலும் இருக்கிறது.

பாலும் கோதுமையும் ஆகாதவர்களுக்குச் சிக்கல் நம்மூர் பானங்களில்தான். ரோஸ்மில்க், பாதாம் பால், ஜிகர்தண்டா எல்லாம் பால்தான் என்று பார்த்தாலே தெரியும். நீர்மோர் அப்படியில்லை. அதில் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை பாலைவிடக் குறைவு, அதனால் சிலருக்கு ஒத்துக்கொள்ளும், ஆனால் பால் புரதத்துக்கே அலர்ஜி என்றால் மோரும் ஆகாது. அதில் போடும் பெருங்காயத்தையும் கவனியுங்கள், கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும். சீலியாக் நோய், அதாவது கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் குடலுக்கு ஆகாத நோய் உள்ளவர்கள் அரிசி மாவு சேர்த்ததைத் தேடி வாங்கலாம், அல்லது பெருங்காயமே போடாமல் கலக்கலாம். மால்ட் என்று பெயர் வைத்த பானங்கள் பெரும்பாலும் பார்லியிலிருந்து வருபவை, அதிலும் குளூட்டன் உண்டு.

எனக்குப் பிடித்த வழி, என்ன சேர்கிறது என்று கண்ணால் பார்க்கக்கூடிய பானத்தைக் கையில் வைத்துக்கொள்வது. நன்னாரி சர்பத்தைப் பாட்டிலாக வாங்கினால் நிறமும் 211உம் சேர்ந்து வரலாம். வேரை நாட்டு மருந்துக் கடையில் வாங்கிக் கழுவித் தட்டி, நடுவில் உள்ள குச்சியை எடுத்துப் போட்டுவிட்டு, கொதிக்கவைத்த தண்ணீரில் இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் வடிகட்டி, சர்க்கரை போட்டுப் பாகு பதத்துக்குக் காய்ச்சி ஆறவைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். நெஞ்செரிச்சல் இல்லாதவர்கள் எலுமிச்சை பிழிந்துகொள்ளலாம். பானகமும் நல்லதுதான், ஆனால் சல்பைட் ஆகாதவர்கள் பளிச்சென்று மஞ்சளாக இருக்கும் வெல்லத்தை வாங்க வேண்டாம், அந்த நிறத்துக்காக ஹைட்ரோஸ் என்ற கந்தக உப்பைப் போட்டு வெளுத்திருக்கலாம். கருத்த வெல்லமாகக் கேட்டு வாங்குங்கள்.

ஜூஸ் கடையில் லேபிள் கிடையாது, வாயைத் திறந்து கேட்கத்தான் வேண்டும். எசன்ஸ் போடுவீர்களா, பால் சேர்ப்பீர்களா என்று கேளுங்கள். உங்களுக்கு முன்னால் ஒருவர் பாதாம் மில்க்‌ஷேக் வாங்கியிருந்தால் அதே ஜாரில்தான் உங்கள் சாத்துக்குடியும் சுற்றும், அதனால் "அண்ணே, ஜாரை நல்லாக் கழுவிட்டுப் போடுங்க" என்று கூச்சப்படாமல் சொல்லுங்கள். பாலுக்கோ பாதாமுக்கோ கடுமையான அலர்ஜி இருந்தால் கழுவினாலும் நம்பாமல் இளநீர்க் கடைக்குப் போய்விடுங்கள்.