மேல்காது குத்தப் போறீங்களா? கடலோரத்து ஆளுகளுக்கு ஒரு செய்முறை

நம்ம ராமநாதபுரம் பக்கம் மேல்காது குத்துறது புதுசு இல்ல. வயசான பாட்டிமார் காதுல கொப்பும் முருகும் போட்ட தொளை இன்னும் இருக்கும். இப்ப கீழக்கரை, மண்டபம், தொண்டிப் பிள்ளைகளும் சின்னதா ஒரு கல்லு வெச்சுக்க ஆசைப்படுறாங்க. தாராளமா குத்தலாம். ஆனா சின்ன வயசுல கீழ்க்காது குத்தினது மாதிரிதான்னு நினைச்சுப் போகாதீங்க.

கீழ்க்காது வெறும் சதை, ரெண்டு மாசத்துக்குள்ள ஆறிடும். மேல இருக்கறது குருத்தெலும்பு. அதுக்குன்னு தனியா ரத்தக்குழாய் கிடையாது. மேல ஒட்டியிருக்கிற மெல்லிய சவ்வுதான் அதுக்குச் சத்து குடுக்குது. அதனால ஆற 6 மாசம், சிலருக்கு ஒரு வருசம் கூட ஆகும்.

1. நேரம் பாருங்க

நல்ல நேரத்தைச் சொல்லல. ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கடல்ல முழுக்குப் போட்டு, 22 தீர்த்தமும் ஆடுற எண்ணம் இருந்தா, அதை முடிச்சிட்டு வந்து குத்துங்க. சர்க்கரை வியாதி, கர்ப்பம், ரத்தம் உறையாம இருக்க மாத்திரை, தழும்பு தடிச்சு வளர்ற உடம்பு: இதுல ஒண்ணு இருந்தாலும் டாக்டரைக் கேட்டுட்டுத்தான். ரணஜன்னி வராம இருக்கப் போடுற டிடி ஊசி போட்டு வருசக்கணக்காச்சுன்னா அதையும் கேளுங்க.

2. துப்பாக்கி வேண்டாம்

கடையில கன் எடுத்தா எழுந்து வந்துடுங்க. அது மொட்டைத் தோட்டை வேகமா அழுத்தி உள்ள தள்ளும். சதை தாங்கிக்கும், குருத்தெலும்பு நசுங்கும், விரிசல் விடவும் செய்யும். பிளாஸ்டிக் கன்னை ஆட்டோகிளேவ்ல, அதாவது சூட்டு நீராவியில கிருமியைக் கொல்ற மெஷின்ல, வெச்சுச் சுத்தம் பண்ணவும் முடியாது. ஆசாரி கைப்பக்குவத்துல எனக்குக் குறை இல்ல, கீழ்க்காதுக்கு அவரே போதும். மேல்காதுக்கு, உள்ள தொளை இருக்கிற ஒருதரம் போடுற ஊசி வேணும். அந்த பாக்கெட்டை உங்க கண்ணு முன்னால பிரிக்கணும், கையில புது கிளவுஸ் இருக்கணும். மார்க் போட்டதும் கண்ணாடியில பாருங்க. பிடிக்கலைன்னா அழிச்சுப் போடச் சொல்லுங்க, கூச்சப்படாதீங்க.

3. என்ன மாட்டுறது

உடம்புக்குள்ள வைக்கிற தரத்து டைட்டானியம், பின்பக்கம் தட்டையா இருக்கிற ஸ்டட். 16 கேஜ், அதாவது சுமார் 1.2 மிமீ கனம் வழக்கம். காது வீங்கும், அதனால கம்பி கொஞ்சம் நீளமாவே இருக்கணும். கவரிங் தொடவே தொடாதீங்க, அதுல நிக்கல் கலந்திருக்கலாம். வீட்டுல இருக்கிற திருகாணித் தோடும் இப்ப வேண்டாம். திருகு மரையில அழுக்கு தங்கும், இறுக்கிட்டா வீக்கத்துக்கு இடமில்ல.

4. தினசரி

மெடிக்கல்ல 0.9 சதவீத நார்மல் சலைன் சின்ன பாட்டிலா வாங்குங்க. திறந்ததை நாள்கணக்குல வெச்சிருக்காதீங்க. காலை, ராத்திரி ரெண்டு வேளை, கையை சோப்புப் போட்டுக் கழுவிட்டு, சலைன்ல நனைச்ச காஸ் துணியை முன்னும் பின்னும் ஒத்திவைங்க. வெளிறின மஞ்சள்ல ஒரு பொருக்கு கம்பியைச் சுத்தி நிக்கும். அது சீழ் இல்ல, ஊறுன நீர் காய்ஞ்சது. நகத்தால பெயர்க்காதீங்க, ஊறினா அதுவே துணியோட வந்துடும். அப்புறம் ஈரம் போக ஒத்தியெடுங்க. தோட்டைச் சுத்தி விடுறது, மஞ்சள், தேங்காயெண்ணெய், டெட்டால், ஸ்பிரிட் எதுவும் வேண்டாம். பாட்டி கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்ல.

"உப்புத்தண்ணிதானே, கடல்ல முங்கினா ஆறாதா?"ன்னு இங்க எல்லாரும் கேப்பாங்க. ஆறாது. கடல்ல உப்பு சுமார் 3.5 சதவீதம், சலைனைப் போல நாலு மடங்கு. போதாததுக்கு கிருமியும் மணலும். தொளை ஆறுற வரைக்கும் கடல், ஊரணி, நீச்சல் குளம் மூணுலயும் காது முங்கக் கூடாது. போர் தண்ணி சவராப் போன வீடுகள்ல, குளிச்சு முடிச்சதும் சலைன் ஊத்தி அலசிடுங்க.

படுக்கிறது மறுபக்கம். ஒருக்களிச்சே தூங்குற ஆளுன்னா, நடுவுல ஓட்டை உள்ள பயணத் தலையணை வாங்கி அந்த ஓட்டைக்குள்ள காதை விட்டுக்கங்க. துப்பட்டா, முக்காடு, ஹெல்மெட் கழட்டுறப்ப மெதுவா. ஒரு இழுப்புல ரெண்டு மாச ஆத்தலும் போயிரும். தலையணை உறையை அடிக்கடி மாத்துங்க.

5. கம்பி மாத்துறது

வீக்கம் வடிஞ்சு 6 முதல் 8 வாரத்துல, குத்தினவங்ககிட்டயே போய் நீளக் கம்பியைக் குட்டையாக்குங்க. நீளமாவே விட்டா ஆடி ஆடி பக்கத்துல சின்ன முண்டு கிளம்பும். வளையம் மாட்டுறது முழுசா ஆறின பிறகு.

6. எப்ப ஓடணும்

முதல் சில நாள் சிவப்பு, சூடு, லேசான வலி சகஜம். நாளாக ஆகக் குறையணும். கூடிக்கிட்டே போகுது, மேல்காது பூரா சிவந்து வீங்குது, கீழ்ச்சதை மட்டும் சாதாரணமா இருக்குது, இல்ல காய்ச்சல், பச்சையா சீழ்: அன்னைக்கே காது மூக்கு தொண்டை டாக்டர். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். இதுக்கு அடிக்கடி காரணமாகிற சூடோமோனாஸ் கிருமி தண்ணியில, ஈரத்துல வாழறது. மெடிக்கல்ல கேட்டு வாங்குற அமாக்ஸிசிலின் அதுகிட்ட செல்லாது. தள்ளிப்போட்டா குருத்தெலும்பு கரைஞ்சு காதே சுருங்கிப் போகலாம். பயந்துபோய் தோட்டை நீங்களே கழட்டிடாதீங்க, தொளை மூடி சீழ் உள்ள மாட்டிக்கும். கழட்டலாமா வேண்டாமான்னு டாக்டர் சொல்லட்டும்.