மலை இறங்கும் ஹைப்ரிட் கார்: பிரேக் பேட் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெட்ரோல் இன்ஜினோடு மின்மோட்டாரும் இருக்கும் ஹைப்ரிட் காருக்கு லட்சம் கிலோமீட்டர் வரை பிரேக் பேட் பார்க்கவே வேண்டாம் என்ற பேச்சு பரவலாக இருக்கிறது. கோவைக்குள்ளேயே ஓடும் வண்டிக்கு அது பெரும்பாலும் பொருந்தும். சாதாரண காரில் 40,000 முதல் 60,000 கி.மீ.க்குள் தேய்ந்துவிடும் பேட், ஹைப்ரிட்டில் லட்சத்தைத் தாண்டுவது உண்டு. பிரேக்கை மிதித்ததும் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, பேட்டரியை சார்ஜ் செய்தபடி வேகத்தை இழுத்துப் பிடிப்பதால், டிஸ்க்கை அழுத்தி வண்டியை நிறுத்தும் பேடுக்கு வேலை குறைவு. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி என்று ஏறி இறங்குகிறவர்கள் அதே கணக்கை நம்புவதுதான் முதல் தவறு.

காரணம் பேட்டரியின் அளவு. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையத்துக்கு வர ஏறத்தாழ 1,900 மீட்டர் இறங்க வேண்டும். ஆட்களோடு 1,600 கிலோ இருக்கும் கார் அவ்வளவு இறங்கும்போது விடும் சக்தி சுமார் 8 யூனிட் மின்சாரம். கிராண்ட் விட்டாரா ஹைப்ரிட்டின் பேட்டரி பிடிப்பது 0.76 யூனிட், அதாவது முக்கால் யூனிட்தான். காற்றும் டயரும் ஒரு பங்கைத் தின்றாலும், குன்னூர் தாண்டி பர்லியாறு வருவதற்குள் பேட்டரி நிரம்பிவிடும். அப்புறம் மோட்டாரால் பிடிக்க முடியாது. மிச்சமிருக்கும் கொண்டை ஊசி வளைவுகளில் நீங்கள் மிதிக்கும் ஒவ்வொரு மிதியும் பேட் மீதுதான் விழுகிறது.

இதற்காகத்தான் பல ஹைப்ரிட்களின் கியர் லிவரில் 'பி' (ஆங்கில B; பார்க்கிங்குக்கான P அல்ல) என்ற நிலை இருக்கிறது. அதில் போட்டால் பெட்ரோல் எரியாமலே இன்ஜின் சுற்றி வண்டியைப் பிடித்து வைக்கும். பேட்டரி நிரம்பியதும் இன்ஜின் உறுமத் தொடங்கும். வண்டிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து, வழக்கமாக ஓட்டும் 'டி' (D) நிலைக்கே மாற்றிவிடுகிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை, மலைப்பாதையில் இரண்டாவது கியரில் இறங்கச் சொல்லும் பலகைக்கு ஹைப்ரிட்டில் இதுதான் அர்த்தம். பேட்டரி நிரம்பும்வரை காத்திருக்காமல், இறக்கம் தொடங்கும்போதே 'பி'யில் போடுங்கள். மைலேஜ் ஆசையில் நியூட்ரலில் உருட்டுவது இதைவிட மோசம். நியூட்ரலில் பேட்டரியும் சார்ஜ் ஆகாது, இன்ஜினும் பிடிக்காது. முழு பாரமும் பேடுக்குத்தான்.

சூடேறிய பிரேக்கிலிருந்து வாடை வந்தால் ஓரமாக நிறுத்தித் தானாக ஆற விடுங்கள். டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் அது கோணிப்போகலாம், விரிசலும் விடலாம்.

மலையிலேயே குடியிருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல், தேய்மானத்துக்கு நேர் எதிரானது. ஊருக்குள் மெதுவாக மட்டும் ஓடும் ஹைப்ரிட்டில் பேட் டிஸ்க்கை அழுத்தித் தொடுவதே குறைவு. ஜூன் தொடங்கி ஊட்டியிலும் கூடலூரிலும் மழை, அக்டோபருக்கு மேல் குன்னூர், கோத்தகிரி பக்கம் மழை, இடையில் மூடுபனி. அந்த ஈரத்தில் டிஸ்க் துருப்பிடிக்கும், பேடை டிஸ்க் மீது அழுத்தும் கேலிப்பர் நகர உதவும் கம்பியான 'கேலிப்பர் பின்' இறுகும். அந்தக் கேலிப்பர் பின் இறுகினால் ஒரு பக்கத்துப் பேட் மட்டும் வேகமாகத் தேயும். பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத உள்பக்கப் பேட். சக்கரத்தைக் கழற்றாமல் எட்டிப் பார்த்துவிட்டு "பேட் நல்லா இருக்கு" என்று மெக்கானிக் சொன்னால் ஏற்காதீர்கள். கழற்றி இரண்டு பக்கமும் அளக்கச் சொல்லுங்கள். புதிதில் 10 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். 3க்கு வந்தால் மாற்ற வேண்டும். அப்போதே பின்னைச் சுத்தம் செய்து கிரீஸ் வைக்கச் சொன்னால் பேடின் ஆயுள் நிச்சயம் கூடும்.

எர்டிகா போன்ற 'ஸ்மார்ட் ஹைப்ரிட்' வண்டிகளை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. அவற்றில் மோட்டார் பிடிப்பது மிகக் கொஞ்சம். பேட் சாதாரண கார் போலவே தேயும்.

பேட் கெட்டியாக இருக்கிறது என்று பிரேக் ஆயிலை மறந்துவிடுவது எல்லாவற்றிலும் ஆபத்தானது. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஆயில் புதிதில் 230 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். ஈரம் ஏறியபின் அந்த அளவு 155 வரை இறங்கலாம். நீண்ட இறக்கத்தில் ஆயில் கொதித்து ஆவியானால், பேட் புதிதாக இருந்தாலும் பெடல் பஞ்சு போல உள்ளே போகும், வண்டி நிற்காது. கிலோமீட்டர் ஓடியதோ இல்லையோ, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றிவிடுங்கள்.